சோம்பேறி ரப்பர்

2008-ஆம் ஆண்டின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் கார் கண்காட்சியில் நிஸான் 370இசட் வெளிவந்தது. இரண்டே இருக்கைகள். 3.7 லிட்டர் வி6 எஞ்சின், 332 குதிரைசக்தி. முந்தைய 350இசட்டில் இருந்ததைவிட முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவிலான தூரத்தில் 10 சென்டிமீட்டரை வெட்டியிருந்தார்கள். பானட், கதவுகள், பின்பக்கத் தூக்குக் கதவு எல்லாம் அலுமினியம். வளைவுகளில் அது திரும்பும் சுறுசுறுப்பைப் புகழ்ந்த விமர்சகர்கள், அதே கையோடு நெடுஞ்சாலையில் உள்ளே கேட்கும் இரைச்சலைப் பற்றியும் புலம்பினார்கள். எஞ்சின் உறுமலைப் பற்றியல்ல, அதற்காகத்தான் காசு கொடுத்திருக்கிறார்கள். டயருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே பிறந்து, முதுகுக்குப் பின்னாலிருந்து ஓயாமல் வரும் 'ஹோ'வைப் பற்றி.

புகழுக்கும் புலம்பலுக்கும் காரணம் ஒன்றுதான். காற்றில் வரும் ஒலியைத் தடுப்பதில் ஒரு தகட்டுக்கு உள்ள முதல் ஆயுதம் அதன் எடை. 0.7 மில்லிமீட்டர் எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு ஐந்தரை கிலோ இருக்கும். 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு 2.7 கிலோதான். எடை பாதியானால் அதைத் தாண்டி உள்ளே வரும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் கூடுகிறது. கூடவே, ஸ்போர்ட் பேக்கேஜ் வாங்கியவர்களின் பின்சக்கரங்களில் 19 அங்குல ரிம், 275 மில்லிமீட்டர் அகல டயர். சாதாரண செடானில் பின் இருக்கையும் அதன் பின்னாலுள்ள தடுப்பும் டிக்கியை ஆட்கள் உட்காரும் இடத்திலிருந்து பிரித்துவிடும். 370இசட்டில் அப்படி எதுவும் இல்லை. டிக்கியும் உட்காரும் அறையும் ஒரே கூடம், பின்சக்கர வளைவுகள் அந்தக் கூடத்துக்குள்ளேயே புடைத்துக்கொண்டு நிற்கின்றன.

இப்படிப்பட்ட கார்களை வைத்திருப்பவர்கள் ஒரு கட்டத்தில் பொறுமையிழந்து டேம்பிங் ஷீட் வாங்குகிறார்கள். பளபளக்கும் அலுமினியத் தாளும் அடியில் கறுப்பு ரப்பரும் கொண்ட, ஒட்டக்கூடிய ஷீட். இருக்கைகளைக் கழற்றி, கார்ப்பெட்டை உரித்து, தரையிலிருந்து கூரை வரை ஓர் அங்குலம் விடாமல் ஒட்டித் தள்ளுகிறார்கள். கார் முப்பது கிலோ கனத்துவிடுகிறது. இரைச்சல் எதிர்பார்த்த அளவு குறைவதில்லை. ஷீட் போலி என்று சந்தேகம் வருகிறது. பெரும்பாலும் ஷீட் நல்ல ஷீட்தான். அது செய்யத் தெரியாத வேலையை அதனிடம் கேட்டிருக்கிறார்கள். இரைச்சல் என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, காருக்குள் வந்து சேர்வது வேறு வேறு இடங்களில் பிறந்து, வேறு வேறு வழிகளில் நுழையும் பல ஒலிகள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றின் மருந்து இன்னொன்றைத் தொடுவதுகூட இல்லை.

முதலில் பிறப்பிடம். ஓடும் டயரின் பட்டன்கள் சாலையை ஓயாமல் அறைகின்றன. அவற்றுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் சிக்கும் காற்று நசுங்கிப் பீய்ச்சியடிக்கிறது. டயரின் வளைந்த முகமும் தட்டையான சாலையும் சந்திக்கும் இடம் ஒரு கூம்பு ஒலிபெருக்கியின் வாய்போல விரிவதால், அங்கே பிறக்கும் சின்ன ஒலிகூடப் பல டெசிபல் பெருக்கப்பட்டு வெளியேறுகிறது. டயர்-சாலை ஒலியைப் பற்றிப் பல காலம் ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு உல்ஃப் சாண்ட்பெர்க் கவனப்படுத்திய ஒரு விஷயம் உண்டு: வேறு வேறு டயர், வேறு வேறு சாலை என்று எதை எடுத்தாலும் வெளியே அளக்கும் இரைச்சலின் உச்சம் 1,000 ஹெர்ட்ஸை ஒட்டியே வந்து நிற்கிறது. பட்டன்களின் இடைவெளி, பள்ளங்களின் நீளம், கூம்பின் வடிவம் எல்லாமே தற்செயலாக அந்த அதிர்வெண்ணின் பக்கத்தில்தான் கூடுகின்றன.

இது காற்றுவழி வரும் ஒலி. சக்கர வளைவின் தகட்டையும் கண்ணாடியையும் கதவையும் ஊடுருவி வருகிறது. இன்னொன்று உடல்வழி வருவது. சாலையின் மேடுபள்ளம் டயரைக் குத்துகிறது, டயர் ரிம்மை, ரிம் அச்சை, அச்சு சஸ்பென்ஷன் கைகளை, அவை புஷ்கள் வழியாகக் காரின் உடலை அசைக்கின்றன. கடைசியில் ஏதோ ஒரு தட்டையான தரைத்தகடு ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பாக மாறி உள்ளே பாடுகிறது. சுமார் 400, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் உடல்வழி, அதற்கு மேலே பெரும்பாலும் காற்றுவழி என்பது வாகன ஒலிப் பொறியாளர்களின் கைக்கணக்கு.

உடல்வழி வருபவற்றில் எனக்குப் பிடித்தது டயருக்குள் அடைபட்ட காற்றின் ஒலி. டயரின் உட்புறம் வளையமான ஒரு குழாய். அதைச் சுற்றி ஒலி ஒரு முறை வலம்வர எடுக்கும் நேரமே அதன் சுருதியை முடிவு செய்கிறது. 370இசட்டின் 275/35 ஆர்19 பின்டயரை எடுத்துக்கொள்வோம். ரிம்மின் விட்டம் 48 சென்டிமீட்டர், டயரின் வெளிவிட்டம் 67.5. சராசரி 58 சென்டிமீட்டர், சுற்றளவு 1.8 மீட்டருக்குச் சற்று மேல். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. வகுத்தால் 190 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வரும். பெரும்பாலான கார் டயர்களில் இது 190 முதல் 250 வரை எங்காவது உட்கார்ந்திருக்கும். பாலத்தின் இணைப்புப் பட்டையைத் தாண்டும்போது ஒரு நொடி 'ங்ஙண்' என்று உள்ளே கேட்கிறதே, அது இதுதான். காரின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் அதன் சுருதி ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஏனென்றால் வலம்வரும் ஒலிக்குக் காரின் வேகத்தைப் பற்றிப் பெரிய அக்கறை இல்லை. இந்த 190-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கணக்குக்கு வேண்டும்.

இன்னும் கீழே, கார் அறையின் காற்றே ஒரு குழாயாக ஒத்ததிர்கிறது. முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை இரண்டு மீட்டர் என்று வைத்தால் 85 ஹெர்ட்ஸ் அளவில். காதை அழுத்துவதுபோல் வரும் கனத்த 'ம்' அந்த வகை.

*

இப்போது ஷீட்டின் கறுப்புப் பகுதிக்கு வருவோம். அது பியூட்டைல் ரப்பர். அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் குழுமத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1937-இல் வில்லியம் ஸ்பார்க்ஸும் ராபர்ட் தாமஸும் உருவாக்கியது. அதன் முதல் பெரிய உத்தியோகம் டயர் டியூப். இயற்கை ரப்பர் டியூபில் அடைத்த காற்று மெல்ல மெல்லக் கசிந்துவிடும், பியூட்டைல் டியூபில் பல மடங்கு மெதுவாகவே கசியும். டியூப் இல்லாத இன்றைய டயர்களிலும் உட்சுவரில் பூசப்பட்டிருப்பது அதன் உறவுக்கார ரப்பர்தான்.

காற்றைப் பிடித்துவைக்கும் ரப்பர் எப்படி ஒலியைக் கொல்லும் ரப்பரானது? இரண்டுக்கும் விடை அந்த மூலக்கூறின் உருவத்தில் இருக்கிறது. பியூட்டைல் ரப்பரில் ஏறக்குறைய முழுதும் பாலிஐசோபியூட்டிலீன் சங்கிலிதான். அந்தச் சங்கிலியில் ஒன்றுவிட்ட ஒரு கார்பனில் இரண்டிரண்டு மெத்தில் தொகுதிகள் தொங்குகின்றன. இடம் போதாமல் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் நெரிசல். இயற்கை ரப்பரின் சங்கிலி லகுவாக நெளிந்து திரும்பும். இது திரும்ப வேண்டுமென்றால் பக்கத்தில் உள்ளதைத் தள்ளிக்கொண்டு, உரசிக்கொண்டு, ஆடி அசைந்துதான் திரும்ப முடியும். சங்கிலிகள் நகர்ந்து வழிவிட்டால்தானே காற்று மூலக்கூறு உள்ளே நுழைந்து வெளியேற முடியும்? அவை நகராததால் காற்று கசிவதில்லை. அதே சோம்பேறித்தனம்தான் அதிர்வுக்கும் எமன். இயற்கை ரப்பர் பந்தைத் தரையில் போட்டால் துள்ளும், வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடும். பியூட்டைல் பந்து அறை வெப்பத்தில் பொத்தென்று விழுந்து கிடக்கும். வாங்கியதைச் சங்கிலிகளின் உரசலில் வெப்பமாக்கித் தொலைத்துவிடும்.

அப்படியானால் ஷீட் சூடேறாதா என்று கேட்கலாம். 80 டெசிபல் என்பது சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நம்மை எரிச்சலூட்டும் இரைச்சல் முழுவதையும் வெப்பமாக்கினாலும் ஒரு வெப்பமானியின் முள்ளை அசைக்கக் காணாது. காது அவ்வளவு நுட்பமான கருவி. அந்த நுட்பத்துக்கு நாம் கொடுக்கும் விலைதான் இந்த அத்தியாயம்.

தகட்டின் மேல் பாகு போன்ற பொருளை ஒட்டினால் அதிர்வு எவ்வளவு தணியும் என்பதை முதலில் முறையாகக் கணக்கிட்டவர் ஜெர்மனியின் ஹெர்மன் ஓபர்ஸ்ட். 1952-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் ஒரு முனையைப் பிடித்துவைத்த எஃகுப் பட்டையில் பூச்சைப் பூசி, அதை அதிரவைத்து அளந்தார். இன்றும் கார்த் தொழிற்சாலைகளின் ஆய்வகங்களில் டேம்பிங் பொருளைச் சோதிக்கும் பட்டைக்கு அவர் பெயர்தான். அவருடைய கணக்குப்படி வெறும் பூச்சு நன்றாக வேலை செய்ய வேண்டுமென்றால் அது தகட்டைவிடத் தடிமனாக இருக்க வேண்டும். எடை ஏறும். தொழிற்சாலைகள் தரையில் உருக்கி ஒட்டும் தார் அட்டைகள் இந்த ரகம்.

ஏழு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் எட்வர்ட் கெர்வின் இதைத் திருப்பிப் போட்டார். அவர் வேலை பார்த்தது போல்ட், பெரானெக், நியூமன் என்ற ஒலியியல் நிறுவனத்தில். (பத்தாண்டு கழித்து இணையத்தின் மூதாதையான ஆர்பாநெட்டுக்கு முதல் கணுக் கணினிகளைச் செய்துகொடுத்ததும் இதே நிறுவனம்தான். ஒலியியல்காரர்கள் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் பாருங்கள்.) கெர்வினின் 1959 கட்டுரை சொன்னது இது: பாகுப் பொருளின் மேல் மெல்லிய, ஆனால் இழுபடாத ஓர் உலோகத் தாளை ஒட்டிவிடுங்கள். தகடு வளையும்போது அதன் மேற்பரப்பு நீளப் பார்க்கும். உலோகத் தாள் நீள மறுக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர், கீழே ஒரு பக்கமும் மேலே ஒரு பக்கமுமாக இழுக்கப்பட்டுச் சறுக்கித் திரியும். வெறும் பூச்சில் ரப்பர் நீண்டு சுருங்குகிறது. இங்கே சறுக்குகிறது. சங்கிலிகளின் உரசல் பல மடங்கு கூடுகிறது. அதனால் மிகக் குறைந்த ரப்பரே போதும்.

கடையில் கிடைக்கும் ஷீட்டின் மேலுள்ள அலுமினியத் தாள் அழகுக்கோ வெயிலைத் திருப்பியனுப்பவோ அல்ல. பாதி வேலை அதனுடையது. ஒட்டும்போது ரோலரால் ஏறி அழுத்த வேண்டும் என்பதும் இதனால்தான். ரப்பர் தகட்டோடு ஒட்டாமல் குமிழ் விட்ட இடத்தில் சறுக்கல் இல்லை. சறுக்கல் இல்லையென்றால் அங்கே இருப்பது வெறும் பளு.

கணக்கில் பார்ப்போம். வெல்டிங், போல்ட் இணைப்புகளோடு காரில் உட்கார்ந்திருக்கும் வெறும் தகடு, 200 ஹெர்ட்ஸில் ஒரு தட்டுத் தட்டினால் அடங்க ஒரு நொடிபோல ஆகும். நல்ல ஷீட் ஒட்டிய பின் பத்தில் ஒரு நொடி. விரல் மொட்டியால் தட்டிப் பார்த்தாலே தெரியும்: முன்பு 'டங்ங்', பின்பு 'டொக்'. ஒத்ததிரும் அந்தச் சுருதியில் தகட்டின் ஆட்டம் பத்தில் ஒரு பங்காகிறது, அதாவது 20 டெசிபல் இறக்கம்.

ஆனால் கவனியுங்கள், ஒத்ததிரும் சுருதியில் மட்டும். தகடு தானாகப் பாட விரும்பும் இடத்தில்தான் டேம்பிங் அதன் வாயைப் பொத்துகிறது. வெளியிலிருந்து காற்றுவழி வந்து மோதும் 1,000 ஹெர்ட்ஸ் ஒலி தகட்டைத் தன் இஷ்டத்துக்கு அசைத்து உள்ளே போகும்போது, தகட்டின் பொருண்மை மட்டுமே அதை எதிர்க்கிறது. அங்கே பியூட்டைலின் சோம்பலுக்கு வேலையே இல்லை. ஷீட்டின் எடை கூடிய அளவுக்கு ஓரிரு டெசிபல் கிடைக்கும், அவ்வளவுதான். அங்குலம் விடாமல் ஒட்டியவர்களின் ஏமாற்றம் இங்கேதான் பிறக்கிறது.

அங்குலம் விடாமல் ஒட்டவும் வேண்டாம். நாலு ஓரமும் பிடிக்கப்பட்ட தகடு அதிகம் ஆடுவது நடுவில், ஓரங்கள் ஏற்கெனவே அசைய முடியாமல் இருக்கின்றன. கச்சேரி தொடங்கும் முன் மிருதங்கக்காரர் தொப்பிப் பக்கத்தின் நடுவில்தானே ரவையைக் குழைத்து அப்புகிறார், விளிம்பில் யாரும் அப்புவதில்லை. தகட்டின் நடுப்பகுதியில் கால்வாசிப் பரப்பை மூடினாலே கிடைக்க வேண்டியதில் பெரும்பங்கு கிடைத்துவிடும். முழுவதும் மூடுவதால் கூடுதலாகக் கிடைப்பது சொற்பம். ஷீட் சதுர மீட்டருக்கு இரண்டு, மூன்று கிலோ. 1,500 கிலோ காரில் எட்டு கிலோ ஏற்றுவதற்கும் முப்பது கிலோ ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசத்தை, பானட்டை அலுமினியத்தில் செய்தவர்கள் கேட்டால் அழுவார்கள். தொழிற்சாலையே வரி வரியாகப் புடைப்புப் போட்ட தரைப்பகுதிகள் ஏற்கெனவே விறைப்பானவை. தட்டிப் பார்த்து 'டங்ங்' என்று பதில் சொல்லும் தட்டையான தகடுகளைத் தேடுவதே வேலை.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். இந்த ரப்பரின் சோம்பல் வெப்பத்துக்கு வெப்பம் மாறும். குளிரில் விறைத்துவிடும், கடும் சூட்டில் இளகித் தளர்ந்துவிடும், நடுவில் ஏதோ ஒரு வெப்பத்தில்தான் உரசல் உச்சம். பெரும்பாலான ஷீட்டுகளில் அந்த உச்சத்தை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருப்பார்கள். கூரைத் தகட்டில் வெயில் ஏறும்போது பலன் குறையும். பணம் மிச்சம் என்று கட்டடக் கூரைக்கான தார் டேப்பை வாங்கி ஒட்டுபவர்களுக்கு இன்னொரு பரிசும் உண்டு. கோடையில் அது வழிந்து கார்ப்பெட்டில் இறங்கும், வாடை மாதக்கணக்கில் போகாது.

*

ஒலியைத் தடுக்க வேண்டுமானால் எடை வேண்டும் என்றோம். அதற்குச் சந்தையில் உள்ள பண்டம், கனமான தாதுத்தூளை ஏற்றிய வினைல் விரிப்பு. சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ சாதாரணம். இதை நேரே தகட்டில் ஒட்டினால், ஆறு கிலோத் தகடு பதினொரு கிலோத் தகடாகிறது. ஐந்து டெசிபல் லாபம். வினைலுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய ஃபோம் வைத்துப் பிரித்துவிட்டால் கதை மாறுகிறது: இரண்டு தனித்தனிச் சுவர்கள், நடுவில் ஒரு காற்று ஸ்பிரிங். மேல் சுருதிகளில் தடுப்பு மடமடவென்று ஏறும். ஃபோமை வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது. இரண்டு எடைகள், நடுவில் ஒரு ஸ்பிரிங் என்றால் அதற்கென்று ஓர் ஒத்ததிர்வு இருந்தே தீரும். ஆறு கிலோத் தகடு, ஐந்து கிலோ வினைல், நடுவில் 6 மில்லிமீட்டர் இடைவெளி என்று போட்டுக் கணக்கிட்டால் அது 450 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வந்து விழுகிறது. அந்தச் சுருதியில் இரட்டைச் சுவர் ஒற்றைச் சுவரைவிட மோசம். அதற்குக் கீழே ஒற்றைச் சுவருக்குச் சமம். இப்போது டயருக்குள் வலம்வரும் நம் 190 ஹெர்ட்ஸை எடுங்கள். அது 450-க்கு எவ்வளவோ கீழே. எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு வினைல் விரித்தாலும் அதன் மேல் கை படாது. இடைவெளியை 25 மில்லிமீட்டராக்கினால் ஒத்ததிர்வு 230 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும். இறங்கி 190-க்குப் பக்கத்தில் வந்து நிற்பது நல்ல செய்தியா என்பது வேறு விஷயம். எப்படியும் ஸ்போர்ட்ஸ் காரின் கார்ப்பெட்டுக்கு அடியில் 25 மில்லிமீட்டருக்கு எங்கே போவது?

எனவே வினைல், 1,000 ஹெர்ட்ஸ் 'ஷ்ஷ்'ஷுக்கு. பியூட்டைல், 100 முதல் 300 ஹெர்ட்ஸ் 'ஹோ'வுக்கு. இரண்டும் ஒன்றின் இடத்தை மற்றொன்று எடுத்துக்கொள்ளாது.

வினைலுக்கு இன்னொரு நிபந்தனை, ஓட்டை கூடாது. சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி தொண்ணூற்றொன்பது பங்கை ஈயத்தால் செய்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. வயர்கள் நுழையும் இடத்து கிராமெட், கதவைச் சுற்றிய ரப்பர் பீடிங், ஸ்டெப்னி குழியின் அடிமூடி ஆகியவற்றைச் சரிபார்க்காமல் விரிப்பு வாங்குவது வீண்செலவு. பழைய காரில் காய்ந்து தட்டையான பீடிங்கை மாற்றுவதே பல சமயம் மலிவான, கண்ணுக்குத் தெரியாத வெற்றி.

மூன்றாவது சங்கதி, உள்ளே வந்துவிட்ட ஒலியை உறிஞ்சுவது. இதன் ஆதி கதை ஹார்வர்டில் நடந்தது. 1895-இல் ஃபாக் அருங்காட்சியகத்தின் புதிய விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் பேசினால் ஒரு சொல்லின் எதிரொலி ஐந்தரை நொடி நீடித்தது, ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சரிசெய்யச் சொல்லி இளம் இயற்பியலாளர் வாலஸ் சபினிடம் விட்டார்கள். அவர் சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, ஒலி எப்போது மறைகிறது என்று கடிகாரத்தில் அளந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். நவீன அரங்க ஒலியியல் அந்தச் சுமைகூலி வேலையில் பிறந்தது.

மெத்தை உறிஞ்சுவது அதன் துளைகளுக்குள் காற்று நுழைந்து இழைகளில் உரசுவதால். இழைகள் வேண்டும், துளைகள் ஒன்றோடொன்று திறந்திருக்க வேண்டும், தடிமனும் வேண்டும். காற்று வேகமாக ஓடும் இடம் சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி இருக்கிறது. 1,000 ஹெர்ட்ஸுக்கு அது எட்டரை சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸுக்கு 85 சென்டிமீட்டர், காரில் அதற்கு ஓர் ஆளின் இடத்தைக் காலி செய்ய வேண்டும். துளைகள் மூடிய கறுப்பு ஃபோமை 'சவுண்ட் அப்சார்பர்' என்று விற்கிறார்கள். தண்ணீரை அது உறிஞ்சாது என்று பெருமையாகவும் சொல்கிறார்கள். காற்றையும் உறிஞ்சாது. இரண்டு சுவர்களைப் பிரித்துவைக்க அது நல்ல பொருள், உறிஞ்சுவதற்கு அல்ல.

370இசட் போன்ற காரில் இழைப்பஞ்சுக்குச் சரியான இடம், பின்சக்கர வளைவுக்கும் அதை மூடும் பிளாஸ்டிக் உறைக்கும் நடுவிலுள்ள வெற்றிடம். ஒரு கை போகும் அளவு இடம் அங்கே சும்மா கிடக்கிறது, ஒலியும் அந்த வழியாகத்தான் வருகிறது. முதலில் வளைவின் தகட்டில் ஷீட், பிறகு அந்த வெற்றிடத்தில் பஞ்சு, ஸ்டெப்னி குழியிலும் டிக்கியின் தரையிலும் ஷீட், அதன் மேல் ஃபோமும் வினைலும். இதுவரை செய்துவிட்டு ஒரு முறை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

கதவுகளில் கை வைக்கும்போது நிதானம் தேவை. மழைநீர் கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் இறங்கி அடியிலுள்ள சின்ன ஓட்டைகள் வழியே வெளியேறும்படி அமைத்திருக்கிறார்கள். அவற்றை ஷீட்டால் அடைத்தால் கதவு தண்ணீர்த் தொட்டியாகும். சில கார்களில், மோதும்போது கதவுக்குள் திடீரென ஏறும் காற்றழுத்தத்தை வைத்துப் பக்கவாட்டு ஏர்பேகை வெடிக்கச் செய்யும் உணர்கருவி அங்கே இருக்கும். உட்பக்க ஓட்டைகளை நம் இஷ்டத்துக்கு மூடுவதும் திறப்பதும் அதன் கணக்கைக் குழப்பலாம். உள்ளே வைக்கும் எதுவும் எளிதில் தீப்பிடிக்கக் கூடாது. அமெரிக்கத் தர விதிப்படி கார் அறைக்குள் உள்ள பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. மூட்டைக் கணக்கில் வாங்கும் பஞ்சில் இந்த முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

*

வேலை முடிந்ததும் எல்லோரும் செய்வது, கைபேசியில் டெசிபல் மீட்டரை இறக்கி அளப்பது. மணிக்கு 100 கிலோமீட்டரில் முன்பு இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் இரண்டு மூன்று டெசிபல் வித்தியாசம் காட்டும். மனம் உடைந்துவிடும். பத்து டெசிபல் குறைந்தால்தான் காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்றும் என்று வேறு படித்திருப்பார்கள்.

கருவி பொய் சொல்லவில்லை, ஆனால் எல்லாவற்றையும் சொல்லவில்லை. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட கேட்டல் வரைகோடுகளிலிருந்து வந்த 'ஏ' திருத்தம் அதற்குள் இருக்கிறது. மெல்லிய ஒலிகளில் காது அடிச்சுருதியைச் சரியாகக் கேட்பதில்லை என்பதால், 100 ஹெர்ட்ஸ் ஒலியில் 19 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் மீட்டர் எண்ணைக் காட்டுகிறது. பியூட்டைல் வேலை செய்தது அந்தத் தாழ்ந்த பகுதியில். அங்கே ஆறேழு டெசிபல் இறங்கியிருந்தாலும் மொத்த எண்ணில் அது கரைந்துபோகும். நாலு மணி நேரம் ஓட்டி இறங்கும்போது தலை கனக்காமல் இருப்பதைக் கைபேசி அளக்காது. முன்பின் வித்தியாசத்தை உண்மையாகப் பார்க்க வேண்டுமானால் அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் செயலி வேண்டும். அதே சாலை, அதே வேகம், அதே டயர் அழுத்தம் வேண்டும். சாலை மாறினாலே பல டெசிபல் மாறிவிடும், கரடுமுரடான ஜல்லி போட்ட சாலையிலிருந்து வழுவழுப்பான சாலைக்கு வந்தவுடன் ஏதோ எஞ்சினை அணைத்தது போலிருக்குமே, அவ்வளவு வித்தியாசம். வேகமும் அப்படித்தான். அது இரட்டிப்பானால் டயர் இரைச்சல் ஒன்பது பத்து டெசிபல் ஏறும். காற்றின் இரைச்சல் இன்னும் செங்குத்தாக ஏறுவதால், மிக அதிக வேகத்தில் மீதமிருப்பது ஷீட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒலி.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். பெரிய ஒலி இருக்கும்வரை அதற்கு அடியில் மறைந்திருந்த சின்ன ஒலிகள் தலைகாட்டத் தொடங்கும். சீட் பெல்ட்டின் உலோக நாக்கு கதவுத் தூணில் தட்டுவது, டேஷ்போர்டின் ஒரு மூலை முனகுவது, பெட்ரோல் பம்பு பாடுவது. கார் கெட்டுப்போய்விட்டது என்று மெக்கானிக்கிடம் ஓடுவார்கள். அவை எப்போதும் இருந்தவைதான்.

ஸ்போர்ட்ஸ் கார் செய்பவர்கள் சிலர் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறார்கள். ஹோண்டா 1992-இல் விட்ட என்எஸ்எக்ஸ்-ஆர் காரில் ஒலித்தடுப்புப் பொருள்களையும் சுரண்டி எடுத்து, மொத்தமாக 120 கிலோ அளவுக்கு எடையைக் குறைத்தார்கள். போர்ஷே 2017-இல் அறிவித்த 911 கரேரா டி-யில் மெல்லிய கண்ணாடி, பெருமளவு நீக்கப்பட்ட ஒலித்தடுப்பு. எடை சாதாரண கரேராவைவிட 20 கிலோ குறைவு, விலை அதிகம். இரைச்சலைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று சிரிக்கலாம். எனக்கு அது நேர்மையான பேரமாகவே படுகிறது, பெட்டியைப் பிரித்து அதில் என்ன இல்லை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். டயரின் 'ஹோ'வைத் தடிமனான விரிப்பால் மூடிவிட்டு, கூடவே அமுங்கிப்போன எஞ்சின் ஒலியை ஸ்பீக்கர் வழியாகத் திரும்ப ஊட்டும் கார்களைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஷீட்டாலும் வினைலாலும் தொட முடியாத அடிச்சுருதிக்கு இப்போது ஒலியையே ஒலியால் அடிக்கிறார்கள். ஒலி அலைக்கு எதிர் அலையை அனுப்பி அழிக்கலாம் என்று ஜெர்மனியின் பால் லூக் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1936-இல். சாலை இரைச்சலுக்கு அதைப் பொருத்துவதுதான் கடினம், ஏனென்றால் அது எஞ்சின் ஒலி மாதிரி ஒரே தாளத்தில் வருவதில்லை, அடுத்த நொடி என்ன குழி வரும் என்று யாருக்கும் தெரியாது. ஹூண்டாய் குழுமம் 2019-இல் அறிவித்து ஜெனிசிஸ் ஜிவி80 காரில் கொண்டுவந்த ஏற்பாட்டில், அதிர்வைச் சஸ்பென்ஷன் அருகிலேயே உணர்ந்து, அது ஒலியாகிக் காதுக்கு வருவதற்குள் எதிர் ஒலியைக் கணக்கிட்டு ஸ்பீக்கருக்கு அனுப்புகிறார்கள். கணக்குக்கு ஆகும் நேரம் நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. லாபம் 3 டெசிபல் என்று அவர்களே சொல்கிறார்கள்.

அதற்கெல்லாம் முன்பு, ஸ்பேனரை எடுப்பதற்கும் முன்பு, டயரைப் பார்த்துவிடலாம். வருடக்கணக்கில் ஓடி, ரப்பர் இறுகி, ஓரம் பற்கள்போல் ஏற்றஇறக்கமாகத் தேய்ந்த டயர், புதிதில் போட்ட சத்தத்தைவிட எவ்வளவோ அதிகம் போடும். மாற்றும்போது பிடிமானத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அமைதியான ரகத்தைத் தேர்ந்தால், தகட்டில் எதையும் ஒட்டாமலே இரைச்சல் அதன் பிறப்பிடத்திலேயே குறையும். மிச்சலின், கான்டினென்டல், பைரெல்லி போன்ற நிறுவனங்கள் சில டயர்களின் உட்சுவரில் பாலியூரித்தேன் ஃபோம் வளையம் ஒன்றை ஒட்டியே விற்கின்றன. உள்ளே வலம்வரும் 190 ஹெர்ட்ஸ் அந்த ஃபோமின் துளைகளில் உரசி, ஒரு சுற்று முழுதாக முடிப்பதற்குள் வலுவிழக்கிறது. காரின் உடலில் ஒரு கிராம்கூட ஏறுவதில்லை. பஞ்சர் ஒட்டுபவர்தான் சபிப்பார், ஓட்டையைக் கண்டுபிடிக்க அவர் முதலில் ஃபோமைச் சுரண்டி எடுக்க வேண்டும்.